அடுப்பங்கரைக் குழாயை நாமே மாற்றலாமா? முதல்முறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. நான் பிளம்பர் இல்லை. கூப்பிட்ட பிளம்பர் "நாளைக் காலையில் வந்துவிடுகிறேன்" என்று பதினோரு நாள் சொன்னதால் ஸ்பேனரைக் கையில் எடுத்தவன். அதற்குப் பிறகு அத்தை வீடு, எதிர்வீடு, தெருக்கோடி டீக்கடை என்று பல இடங்களில் சிங்க் குழாய் மாற்றிக் கொடுத்தாயிற்று. போகிற இடமெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதுவரை ஸ்பேனரைத் தொட்டதே இல்லை. என்னால் முடியுமா?

முடியும். இதற்குக் கைபலம் வேண்டியதில்லை. சொல்லப்போனால் கைபலம் உள்ளவர்கள்தான் அதிகம் உடைக்கிறார்கள். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை; முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் ஆரம்பியுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எவ்வளவு யோசித்து வாங்கி வந்தாலும் நடுவில் ஒருமுறை ஹார்டுவேர் கடைக்கு ஓட வேண்டி வரும். அந்த நேரத்தில் கடை பூட்டியிருந்தால் அன்றைக்குச் சமையல் கிணற்றடியில்தான்.

என் வீட்டில் இருப்பது எந்த வகைக் குழாய்?

சிங்க்குக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு வந்தால் அது சுவர்க்குழாய். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இதுதான். சிங்க்கின் விளிம்பிலோ கல்மேடையிலோ துளை போட்டு நட்டுவைத்ததுபோல் நின்றால் அது மேடைக்குழாய். சுவர்க்குழாய்க்கு மரைதான் (பைப்பில் திருகி ஏறும் சுழல் பள்ளம்) எல்லாம். மேடைக்குழாய்க்கு அடியில் ஒரு நெட்டு, அதிலிருந்து வளையும் கனெக்ஷன் பைப், அது போய்ச் சேரச் சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் ஓர் ஆங்கிள் வால்வு என்று உறுப்புகள் கூடும். முதல்முறைக்குச் சுவர்க்குழாய் எளிது. இருக்கும் வகையையே திரும்ப வாங்குங்கள். சுவர்க்குழாயை எடுத்துவிட்டு மேடைக்குழாய் வைப்பது என்றால் கல்லில் துளை போட வேண்டும். அது இந்தப் பக்கத்தில் அடங்காது.

கடையில் என்ன அளவு சொல்லிக் கேட்பது?

அரை அங்குலம். நம் ஊர் வீட்டுக் குழாய்கள் அநேகமாக எல்லாமே இந்த அளவுதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய குழாயின் மரையை ஸ்கேல் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் காட்டும். அதை அங்குலமாக்கினால் முக்காலுக்கு மேல் வரும். "முக்கால் அங்குலம் கொடுங்கள்" என்று வாங்கி வந்து, மாட்டாமல் திரும்பிப் போனவர்களில் நானும் ஒருவன். அரை அங்குலம் என்பது பழைய நாளில் பைப்பின் உள்விட்டத்தை வைத்துச் சொன்ன பெயர். மரையின் வெளிவிட்டம் அதைவிடப் பெரிது. சந்தேகம் வந்தால் பழைய குழாயையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள்.

குழாயின் மூக்கு எவ்வளவு நீளம் என்பதையும் பாருங்கள். தண்ணீர் சிங்க்கின் நடுவில் விழ வேண்டும். குட்டையாக இருந்தால் தண்ணீர் சிங்க்கின் பின்விளிம்பில் பட்டுச் சுவரை நனைக்கும். உயரமும் முக்கியம். கடையில் பளபளப்பாகத் தெரியும் குட்டைக் குழாயின் கீழே இட்லிப் பானை நுழையாது. குடம் வைத்துப் பிடிக்கிற வீடு என்றால், உங்கள் குடத்தின் உயரத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். அம்மா சொல்லித்தான் எனக்கே இது தோன்றியது.

பித்தளைதானா என்று பார்க்கக் காந்தம் கொண்டு போவார்கள் சிலர். காந்தம் ஒட்டினால் இரும்பு என்று தெரியும், அவ்வளவுதான். துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களில் கனமானதை எடுங்கள். உள்மரையை எட்டிப் பார்த்தால் முலாம் படாத இடத்தில் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் சொம்பைக் கையில் ஏந்தி எடை பார்த்துப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வேறு என்னென்ன வேண்டும்?

வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர் ஒன்று, மரையில் ஒழுகாமல் இருக்கச் சுற்றும் டெஃப்ளான் டேப் இரண்டு சுருள், பழைய பல்துலக்கி, வாளி, கிழிந்த வேட்டி, டார்ச். இவற்றோடு அரை அங்குல டம்மி ஒன்றையும் மறக்காமல் வாங்குங்கள். பைப்பின் வாயை அடைக்கிற சின்ன மரைமூடி அது. விலை இரண்டு டீக்கு மேல் போகாது. புதுக்குழாய் பொருந்தவில்லை, இருட்டிவிட்டது, விருந்தாளி வந்துவிட்டார் என்று எது நடந்தாலும் டம்மியை மாட்டி வாயை அடைத்துவிட்டு வீட்டின் மற்ற குழாய்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிடலாம். டம்மி கையில் இருக்கிறவர் பதற்றப்படுவதில்லை.

தண்ணீரை எங்கே நிறுத்துவது?

இந்த வேலையின் முக்கால் பங்கு இந்தக் கேள்விதான். ஸ்பேனரைத் தொடும் முன்பு, முந்தின நாளே இதற்கு விடை கண்டுபிடித்துவிடுங்கள்.

நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். ஒரு ஆடிப்பெருக்கு. வீட்டில் எல்லோரும் காப்பரிசியும் மஞ்சள் கயிறும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருந்தார்கள். விடுமுறைதானே, குழாயை மாற்றிவிடலாம் என்று மொட்டைமாடி ஏறித் தொட்டிக்குக் கீழே இருந்த கேட் வால்வை மூடினேன். கைப்பிடி சுற்றியது, மூடிவிட்டதாக நம்பினேன். உள்ளே தகடு எப்போதோ அரித்துப் போயிருக்கிறது, கைப்பிடி மட்டும் வெறுமனே சுற்றியிருக்கிறது. கீழே வந்து பழைய குழாயைக் கழற்றிய மறுகணம் தண்ணீர் நேராக நெஞ்சில் அடித்தது. கட்டைவிரலால் பைப் வாயை அடைத்துக்கொண்டு, கூப்பிட ஆளில்லாமல், அப்படியே நின்றேன். அம்மா திரும்பி வந்து வாசற்படியில் நின்று, "ஆற்றில்தான் பெருக்கு என்று நினைத்தேன்" என்றார்.

அதனால் வால்வை மூடியதும் அடுப்பங்கரைக் குழாயைத் திறந்து பாருங்கள். முதலில் சற்று வேகமாக வந்து, பிறகு நூலாகி, பிறகு சொட்டாகி, கடைசியில் நிற்க வேண்டும். பைப்பில் மிச்சம் இருப்பது வடிய ஐந்து நிமிடம்கூட ஆகலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நூல்போல ஓடிக்கொண்டிருந்தால் வால்வு மூடவில்லை என்று பொருள். அப்போது இரண்டே வழி: ஒன்று, மோட்டார் போடாமல் இருந்து தொட்டித் தண்ணீரைச் செலவழித்துத் தீர்ப்பது. மற்றொன்று, முதலில் அந்த வால்வை மாற்றச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது.

நம் பக்கத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் கொல்லையில் இருக்கும் போர் மோட்டாரிலிருந்து வரும் பைப், தொட்டிக்குப் போகும் வழியிலேயே அடுப்பங்கரைக்கும் பிரிந்திருக்கும். வேறு சில வீடுகளில் ஊராட்சித் தண்ணீர் நேராக ஒரு குழாய்க்கு வரும். தொட்டி வால்வை மூடினாலும் இவை நிற்காது. மோட்டார் போடும்போது சிங்க் குழாயில் தண்ணீர் திடீரென்று சீறுகிறதா என்று ஒரு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் மோட்டார் சுவிட்சின் மேல் ஒரு துணியைக் கட்டிவைத்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சிங்க்குக்கு அடியில் குடிநீர்ச் சுத்திகரிப்பான் இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நனைந்த கையும் மின்சாரமும் ஆகாது.

பழைய குழாயைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்புவது?

இறுக்க வலஞ்சுழி, கழற்ற இடஞ்சுழி. கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் பக்கத்தில் திருவலஞ்சுழி என்று ஊரே இருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது. மேடைக்குழாயின் நெட்டை, நின்றபடி கையைக் கீழே விட்டுத் திருகும்போது மட்டும் மனம் குழம்பும். குனிந்து, நெட்டைக் கீழேயிருந்து நேராகப் பார்த்துத் திருகுங்கள். அப்போதும் வலஞ்சுழிதான் இறுக்கும்.

திருப்பினால் அசையவே இல்லை. என்ன செய்வது?

ஸ்பேனரின் பிடியில் இரும்பு பைப்பைச் செருகி நீளமாக்கித் திருப்புகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பழைய வீடு என்றால் சாம்பல் நிற இரும்பு பைப், துருப்பிடித்து மெலிந்திருக்கும். புது வீடு என்றால் சிபிவிசி என்ற இளமஞ்சள் நிற பிளாஸ்டிக் பைப்; அதன் முனையில் எல்போ என்ற பிளாஸ்டிக் வளைவுத் துண்டுக்குள் பித்தளை மரை பதித்திருப்பார்கள். வேகமாகத் திருகினால் குழாய் கழலாது, அந்தப் பித்தளைதான் பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்று சுற்றும். பிறகு டைல்ஸை உடைத்துச் சுவரைக் கொத்த வேண்டும். குழாய் சுற்றும்போது சுவரோடு இருக்கும் எல்போவும் சேர்ந்து அசைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அசைந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இரும்பும் பித்தளையும் இறுகிப்போன இடத்தில் துரு இளக்கும் எண்ணெய் அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அடுப்பு எரியாத நேரமாகப் பார்த்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பினால் பல நேரங்களில் "டக்" என்று விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் பைப்பில் எண்ணெயும் வேண்டாம், நெருப்பு காட்டுவதும் வேண்டாம்.

டெஃப்ளானை எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்பில் பத்து முதல் பதினைந்து சுற்று. எண்ணிக்கையை விடத் திசை முக்கியம்.

புதுக்குழாயின் மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி இடது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். டேப்பின் நுனியை மரையின் மேல் வைத்து இடது கட்டைவிரலால் அழுத்துங்கள். முனையில் ஒரு மரையை விட்டுவிட்டு, கடிகார முள் போகும் திசையில் சுற்ற ஆரம்பியுங்கள். டேப்பை இழுத்துப் பிடித்தபடி சுற்றினால் அது மரையின் பள்ளங்களுக்குள் ஒட்டி இறங்கும். மேடு பள்ளம் வெளியே தெரிய வேண்டும். தொளதொளவென்று சுற்றியது வேட்டி கட்டியதுபோல உப்பிக்கொண்டு நிற்கும், அது ஒழுகும். முடிக்கும்போது டேப்பை வெடுக்கென்று இழுத்தால் தானாக அறுந்துவிடும், நுனியை நகத்தால் தேய்த்து ஒட்டுங்கள். திசை மாற்றிச் சுற்றியிருந்தால் குழாயைத் திருகும்போது டேப் பிரிந்து வெள்ளைத் தாடிபோல் வெளியே தொங்கும். அதைப் பார்த்தவுடன் நிறுத்திக் கழற்றி, முழுவதும் பிய்த்து எறிந்து, புதிதாகச் சுற்றுங்கள்.

அதற்கு முன்பாகச் சுவரில் இருக்கும் உள்மரையைப் பல்துலக்கியால் நன்றாகத் தேய்த்துப் பழைய டேப், துரு, சணல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு வாளியை அடியில் பிடித்து, வால்வை இரண்டு நொடி திறந்து மூடுங்கள். பைப்பில் தங்கியிருந்த மணலும் துருவும் வந்து விழும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால்தான் புதுக்குழாய் முதல் வாரத்திலேயே சொட்ட ஆரம்பிக்கிறது.

சணலும் வெள்ளைப் பெயிண்டும் வைப்பது இரும்புப் பைப் காலத்து வழக்கம். பிளாஸ்டிக் மரைக்கு வேண்டாம்.

எவ்வளவு இறுக்குவது?

முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே போக வேண்டும். முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறியிருக்கிறது. திருப்பி எடுத்து மறுபடி வையுங்கள். கோணல் மரையில் ஸ்பேனரைப் போட்டால் குழாய்க்கு மட்டுமில்லை, நமக்கும் மரை கழன்றுவிடும். கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. பளபளப்பு கீறாமல் இருக்க ஸ்பேனர் வாய்க்கு நடுவே துணி வையுங்கள்.

இறுக்கி முடித்தால் குழாய் பக்கவாட்டில் பார்க்கிறது. கொஞ்சம் பின்னால் திருப்பலாமா?

கூடாது. டெஃப்ளான் மரையைப் பின்னால் திருப்பினால் அந்த இடம் ஒழுகும். முன்னால் கால் சுற்றுக்குள் நேராகும் என்றால் மெதுவாகக் கொண்டு வாருங்கள். அதற்கு மேல் என்றால் கழற்றி, டேப்பை இரண்டு மூன்று சுற்று கூட்டியோ குறைத்தோ மறுபடி மாட்டுங்கள். எல்லோருக்கும் இரண்டாவது தடவைதான் சரியாக வருகிறது.

மரை சுவருக்குள் ஆழத்தில் இருக்கிறது, குழாய் எட்டவில்லையே?

டைல்ஸ் ஒட்டியபோது சுவர் தடித்திருக்கும். எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்று கேளுங்கள், நீளத்தைக் கூட்டும் சின்ன மரைத்துண்டு அது. அரை அங்குலத்திலிருந்து பல நீளங்களில் கிடைக்கும். அதற்கும் டெஃப்ளான் உண்டு.

மேடைக்குழாய்க்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சிங்க்கில் இருக்கும் துளையை அளந்துகொள்ளுங்கள். வெந்நீரும் தண்ணீரும் கலந்து தரும் ஒற்றைப்பிடிக் குழாய்களுக்குப் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் துளை தேவை. குழாய்க்கும் சிங்க்குக்கும் நடுவே ரப்பர் வளையம் வர வேண்டும். எவர்சில்வர் சிங்க்கின் தகடு மெல்லியது. குழாய் ஆடினால் அடியில் ஒரு சின்ன மரப்பலகைத் துண்டு கொடுத்து நெட்டை இறுக்குங்கள்.

கனெக்ஷன் பைப்பின் நெட்டுக்குள் ரப்பர் வாசர் இருக்கும். அங்கே தண்ணீரை நிறுத்துவது அந்த வாசர்தான், அதனால் டெஃப்ளான் தேவையில்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். மேலே போனால் வாசர் நசுங்கிப் பிதுங்கும். ஆங்கிள் வால்வு சுவரில் ஏறும் மரைக்கு மட்டும் டெஃப்ளான் சுற்றுங்கள். பைப் 18 அங்குலம், 24 அங்குலம் என்று வரும். விறைத்து நிற்காமல், மடங்கி நெரியாமல் இருக்கும் நீளத்தை எடுங்கள்.

மாட்டிவிட்டேன். ஒழுகவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் அடைபட்ட காற்று குழாயை உலுக்கும். இரவு படுக்கப் போகும் முன் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காலையில் தாளில் உள்ள வட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

மரையில் ஒழுகினால் டெஃப்ளானை மறுபடி சுற்ற வேண்டும். நெட்டில் ஒழுகினால் வாசரைப் பார்க்க வேண்டும். மூடிய பிறகும் மூக்கு நுனியில் சொட்டினால் உள்ளே தூசி மாட்டியிருக்கலாம். நாலைந்து முறை முழுவதும் திறந்து மூடினால் சில நேரம் சரியாகும். சொட்டுத்தானே என்று விடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி டம்ளர் நிறைகிறது என்றால் ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், மாதத்துக்கு 144 லிட்டர்.

புதுக்குழாயில் தண்ணீர் பழையதைவிட மெல்லிதாக வருகிறதே?

மூக்கு நுனியில் ஏரேட்டர் என்ற சின்னச் சல்லடை இருக்கும். அதைக் கையால் திருகிக் கழற்றிப் பாருங்கள், மணல் இருக்கும். கழற்றிய பிறகும் வேகம் வரவில்லை என்றால் தொட்டியின் உயரம்தான் காரணம். பத்து மீட்டர் உயரத்துக்குத் தோராயமாக ஒரு பார் அழுத்தம். ஒரே தளம் உள்ள வீட்டில், மொட்டைமாடித் தரையிலேயே தொட்டி வைத்திருந்தால் அடுப்பங்கரைக் குழாய்க்கு இரண்டரை மூன்று மீட்டர் உயரம்தான் கிடைக்கும். அழுத்தம் கால் பார் அளவே. இழுத்து நீட்டும் குழாய், பூவாளிபோல் தூவும் குழாய் எல்லாம் அடுக்குமாடி வீடுகளின் அழுத்தத்துக்குப் பொருந்தும். தாழ்ந்த தொட்டிக்கு வாய் அகன்ற எளிய குழாய்தான் நல்லது.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. குழாய் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உறவினர்கள் எல்லோரும் கேட்பது இது. மூக்கு நுனியில் சேரும் வெள்ளைப் படிவு உப்பு காய்ந்தது அல்ல, சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறு நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் நுரைத்து இளகும். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கிட்டே கொண்டு வராதீர்கள், முலாம் உரிந்துவிடும். புளியும் தேங்காய் நாரும் குத்துவிளக்குக்குச் சரி. முலாம் பூசிய குழாயை நாரால் தேய்த்தால் கீறல் விழுந்து, அந்தக் கீறல் வழியாகவே அரிப்பு தொடங்கும்.

போர்த் தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் வைத்தால் சிவப்பாக மாறுகிறதா? அது இரும்புச்சத்து. காற்றுப் பட்டதும் துருவாகிறது. அந்த வீடுகளில் ஏரேட்டரை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

எப்போது பிளம்பரையே கூப்பிட வேண்டும்?

சுவருக்குள்ளிருந்து ஈரம் கசிந்தால், எல்போ அசைந்தால், உள்மரை தேய்ந்து குழாய் பிடிக்காமல் சுற்றினால். வந்தவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டெஃப்ளான் சுற்றும் விதத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அந்தப் பதினோரு நாள் அண்ணன்தான், பன்னிரண்டாம் நாள் வந்தபோது.

கழற்றிய பழைய பித்தளைக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். சுற்றிச் சுற்றி மூடும் பழைய வகை என்றால் உள்ளே ஒரு வாசர்தான் தேய்ந்திருக்கும். தலைப்பகுதி நெட்டைக் கழற்றி வாசரை மாற்றினால் பல வருடம் ஓடும். உடைந்தே போயிருந்தாலும் பித்தளை எடைக்குப் போகும், தனியாக எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டுப் பழைய குழாய் வாசர் மாற்றிய பிறகு கொல்லையில் மாட்டுத்தொட்டிக்கு மேலே இருக்கிறது. சிங்க்கில் இருந்த புதுக்குழாயை இதற்குள் ஒருமுறை மாற்றியாயிற்று. கொல்லையில் இருக்கும் பழையது இன்னும் சொட்டவில்லை.